ஈனா பூட்டிய இரும்புக் கதவு

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் டன்கார்னி என்றொரு கோட்டை வீடு. அதன் தோட்டத்தில் இருபது வருஷமாக மண் கிளறுகிறவள் ஈனா கெடஸ். ஐம்பத்துநாலு வயசு. அதிகம் பேசமாட்டாள்; நாற்று நடும்போதும் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டே இருக்கும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை ஊராருக்காகத் தோட்டத்தைத் திறப்பார்கள். வருகிறவர்கள் கோபுரம் ஏறிப் பார்த்து, தேநீர் குடித்துவிட்டு, ஈனா தோண்டி வைத்த குதிரைமுள்ளங்கிக் கிழங்கை வாங்கிப் போவார்கள். மறுநாள் மாட்டிறைச்சிக்கு அந்தக் காரம் இல்லாவிட்டால் அவர்களுக்குத் தொண்டையில் இறங்காது.

அன்று மூன்று மணிக்குக் கொட்டகைக்குள் போனாள். விஷமென்று எரிக்க ஒதுக்கியிருந்த வசநாபி வேர் வாளி காலியாகக் கிடந்தது. பார்த்தால் அதுவும் அதே மாதிரிக் கிழங்குதான். காலை அவசரத்தில் இரண்டு வாளியையும் ஒன்றாகக் கவிழ்த்து, அவளேதான் பையில் போட்டிருக்கிறாள். ஆறு பை விற்றாகிவிட்டது.

"கர்த்தாவே, என் கையால ஒரு உசிரு போகவேண்டாம்."

மதிலுக்கு ஒரே வாசல். எதிரியைத் தடுக்க அந்தக் காலத்தில் அடித்த இரும்புக் கம்பிக் கதவு அங்கே எப்போதும் திறந்தே நின்றது. விருந்தாளியை உள்ளே வைத்து அதைச் சாத்துவது அந்தக் குடும்பத்துக்கே அவமானம். ஈனா சாத்தித் தாழ் போட்டாள்.

வீட்டுக்காரர் ரானல்ட் வேகமாக வந்தார். "என்னம்மா ஈனா இது? எங்க தாத்தா காலத்துலகூட இப்படி நடந்ததில்லையே."

"என் தப்புங்க ஐயா. கிழங்குப் பையில நாபி கலந்துபோச்சு."

அவர் முகம் வெளுத்தது. "எடை தப்புன்னு சொல்லித் திருப்பி வாங்கிடலாம்."

"வேண்டாங்க. நெசத்தச் சொன்னாதான் பயந்து குடுப்பாங்க."

சொன்னாள், எல்லாருக்கும் கேட்க. "கதவையும் சாத்தியாச்சு, அப்போ ராத்திரிச் சோறும் இங்கதானா?" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பை அவள் காலடியில் வந்து விழுந்தது. ஆறாவது, ஓய்வுபெற்ற தபால்காரர் டூகல் டெய்ட் வாங்கியது. ஆளைக் காணோம்.

ரானல்ட் கோபுரப் படியேறி ஓடினார். ஈனா ரோஜாப் பாத்தி, பழமரம், பாசி படிந்த குளம் என்று தேடிக்கொண்டு ஓடினாள். மதில் மூலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் டூகல். மடியில் பேனாக்கத்தி, கையில் தோல் சீவிய வேர்.

"வாம்மா, நல்லா ஏமாத்திட்ட. இத மோந்து பாத்தேன், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. இது என்ன கிழங்கு?"

"நாக்குல வச்சீங்களா?"

"மூக்கையே எரிக்காதத நாக்குல எதுக்கு வைக்கணும்?"

"அது நாபிங்க. கைய வாய்க்கிட்ட கொண்டுபோகாதீங்க."

அவர் கையிலிருந்து வேர் நழுவியது. ஈனா அவர் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்தாள், திரும்பத் திரும்ப.

"போதும் தாயி, தோலு உரியுது."

அவள் விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.