ஓர்ஸ்பிக்கு வரவேண்டிய வெள்ளம்

ஒரு நகரத்தைக் கொல்வதற்கு முன் அர்லீன் டோர்சன் காப்பி போட்டுக்கொள்வாள். குடிப்பதற்கு அல்ல. விஸ்கான்சின் குளிரில் விறைத்த விரல்களைக் கோப்பையைச் சுற்றி வைத்துச் சூடேற்றிக்கொள்வாள். பிறகு கணினியில் தட்டத் தொடங்குவாள்: பூகம்பம், கொள்ளைநோய், நெருப்புக் கக்கும் பறவைநாகம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் சாம்பலாகிவிடும்.

அவள் வேலை அப்படி. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையாகவே ஆடுகிற ஆட்டம் இருக்கிறதல்லவா, அதற்கென்று ஒரு கற்பனை உலகம், வெர்ணோல். அந்த உலகத்தின் புத்தகங்களைப் போடும் கம்பெனி மூன்று கை மாறிவிட்டது. ஒவ்வொரு முதலாளியும் வந்த கையோடு புதுப் பதிப்பு போட்டார், விதிகளை மாற்றினார், மாறியதற்கு அந்த உலகத்துக்குள்ளேயே ஒரு காரணம் கேட்டார். காரணம் கண்டுபிடிப்பவள் அர்லீன். முதலாளிகள்தான் போனார்கள், அவள் நாற்காலி நகரவில்லை.

அச்சில் பிழை விழுந்தால் பிழை என்று ஒப்புக்கொள்கிற வழக்கம் அங்கே கிடையாது. அதைச் சரித்திரமாக்கிவிடுவார்கள். முதல் புத்தகத்தின் வரைபடத்தில் ஓவியர் ஓர் ஆற்றை மலைமேல் ஏறவிட்டார். வாசகர்கள் சிரித்தார்கள். அடுத்த பதிப்பில் அர்லீன் அந்த மலையுச்சியில் தாகம் தீராத அரக்கி ஒருத்தியை உட்காரவைத்தாள். சிரித்தவர்களே இன்றைக்கு அவளுக்குப் பயந்து ஆடுகிறார்கள்.

அர்லீன் மட்டும் ஒருநாளும் பகடையைத் தொட்டதில்லை. "நான் ஆடினா மத்தவங்க எப்படிப் பிழைக்கிறது?" என்று சிரிப்பாள். இப்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் இல்லை. "சாகடிச்சுச் சாகடிச்சுக் கை வலிக்குது" என்று விரல்களை நீவிக்கொள்கிறாள்.

இந்த ஜனவரியில் புதுப் பதிப்பு பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. மடித்த வரைபடத்தை விரித்தால், ஆற்றங்கரையில் ஓர்ஸ்பி என்ற ஊரைக் காணோம். கடைசியாகச் சரிபார்த்தவள் அவள்தான், காய்ச்சலோடு.

மேலாளர் பிரெண்ட் அலட்டிக்கொள்ளவில்லை. "சின்ன ஊருதானே அர்லீன்? ஒரு வெள்ளத்தை விட்டுருங்க. அடுத்த புத்தகத்துல எழுதிக்கலாம்."

"சின்ன ஊரா? நீ போய்ப் பாத்தியா?"

"நீங்க மட்டும் பாத்தீங்களாக்கும்!"

மத்தியானம் எதிர்க்கடையில் சூப்போடு உட்கார்ந்தாள். சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிற டுவேன் எதிர் நாற்காலியில் வந்து விழுந்தான். முதல் புத்தகத்திலிருந்தே ஆட்டத்தில் அவன் வேடம் ஓர்ஸ்பியின் தோணிக்காரன்.

"புதுப் புத்தகத்துல எங்க ஊரை ஒண்ணும் பண்ணிடலயே? கேத்தி அங்க சத்திரம் கட்டுறா. கூரை போட்டாச்சு."

"உன் பெண்டாட்டியா? உன் வீட்டுக் கூரையே ஒழுகுதுன்னு சொன்னாளே!"

"அது கிடக்கு. கீழ ஒரு வாளிய வச்சுட்டேன். சத்திரத்துக்கு வாளி வைக்க விடுவாளா?"

"சூப்பைக் குடி, ஆறுது" என்றாள். அது அவளுடைய சூப்பு. சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டாள்.

அலுவலகத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல், புத்தகத்துக்குள் செருக ஒரு துண்டுச் சீட்டைத் தட்டினாள்: "ஓர்ஸ்பி அழியவில்லை. வரைபடத்தில் விட்டுப்போனது பிழை."

பிரெண்ட் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினான். "ஆள் குறைக்கிற நேரம் இது. பிழைன்னு போட்டா, யார் விட்டதுன்னு மேலிடத்துல கேப்பாங்க. வெள்ளம்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"தெரியும். எத்தனை வெள்ளம் விட்டிருக்கேன்."

"அப்ப உங்க பேரு மட்டுமாவது வராம பாத்துக்கலாம். கம்பெனின்னு பொதுவாப் போட்டுருவோம்."

அர்லீன் பேனாவை எடுத்து, சீட்டின் அடியில் தன் முழுப்பெயரையும் எழுதினாள். அழுத்திய அழுத்தில் அது அடியிலிருந்த தாளிலும் பதிந்தது.