பரோபகாரியின் கல்

எங்கள் வீட்டுக் குழாயடியில் மீன் வெட்டுவதற்கென்று ஒரு கருங்கல் பலகை கிடக்கிறது. அதன் மேல்முகத்தில் பொன்னிற எழுத்துகள் இருந்தன. இப்போது பொன் போய்விட்டது, வெட்டு மட்டும் மிச்சம். சூரை வெட்டி, இரத்தம் போகத் தண்ணீர் ஊற்றியதும் ஒரு சொல் தெளிவாகத் தெரியும்: பரோபகாரி.

அது பழைய சொல். இப்போதெல்லாம் 'டோனர்' என்கிறார்கள், 'ஸ்பொன்சர்' என்கிறார்கள். போன மாதம் வகுப்பில் ஒரு மாணவி அர்த்தம் கேட்டாள். பிறருக்கு உதவுபவர் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். நான் சிறுமியாக இருந்தபோது மருதமுனையில் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் ஒரே ஒருவருக்குத்தான். ஒலிபெருக்கியில் 'பரோபகாரி ஹாஜியார்' என்றால் எந்த ஹாஜியார் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிவாசல் கடிகாரத்தில், மின்விசிறி இறக்கைகளில், இறந்தவரின் மையித்தைச் சுமக்கும் சந்தூக்கில்கூட அவருடைய பெயரும் அந்தச் சொல்லும் இருந்தன.

கடல் வந்து எங்கள் குடிசையைக் கொண்டுபோன பிறகு வீடு கட்டித் தந்தவரும் அவர்தான். அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கூரைக்குக் கீழேதான் படித்து ஆசிரியையானேன். வாசல் சுவரில் இந்தக் கல்லைப் பதித்துவிட்டுத்தான் சாவியைத் தந்தார்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம் தோணியில் போன வாப்பா திரும்பவில்லை. உம்மா இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், உள்ளறையில். முதல் மாதம்கூட முடியவில்லை, கொழும்பு விருந்தாளிகள் நான்கு பேரோடும் கமராவோடும் ஹாஜியார் வாசலில் வந்து நின்றார்.

"புள்ள, வெளிய வா. கல்லுக்குப் பக்கத்தில நில்லு."

உம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "நான் இத்தாவில இரிக்கன், ஹாஜியார்," என்றார்.

"ஒரு நிமிசந்தான். இவங்க கொழும்புக்குப் போகணும்."

உம்மா வந்தார். வெள்ளைப் புடவையின் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு நின்றார். முகம் தெரியவில்லை என்று கமராக்காரன் சொல்ல, ஹாஜியார் கையைக் காட்டினார். உம்மா முந்தானையைத் தாழ்த்தினார். அந்தப் படம் ஹாஜியாருடைய புடவைக்கடையில் பல வருஷம் தொங்கியது. பெருநாளுக்குத் துணி எடுக்க உம்மா அந்தத் தெருவுக்கே போகமாட்டார், கல்முனைக்குப் போவார். அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கதைத்தார்: "தந்தவர் கேட்டா மாட்டன் எண்டு சொல்ல நமக்கு வாய் இல்ல, மகள்."

உம்மா மௌத்தாகி, அடக்கமான பிறகு வாசல் சுவருக்குப் பூச்சுப் பூசினேன். கல்லை உடைத்துவிடவா என்று மேசன் கேட்டார். வேண்டாம், குழாயடியில் போடுங்கள், எழுத்து மேலே இருக்கட்டும் என்றேன்.

போன வருஷம் ஹாஜியாரே ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஊன்றுகோல். உம்மாவைப்போல நான் அவருக்குப் 'புள்ள' இல்லை.

"டீச்சர், எனக்குப் பொன்னாடை போத்தப் போறாங்க. வாழ்த்து மடல் நீங்கதான் எழுதித் தரணும். பரோபகாரி எண்ட சொல்லு கட்டாயம் வரணும்." பிறகு சுவரைப் பார்த்தார். "கல் எங்க?"

"பின்னால இரிக்கி. வாங்க, கல்லோட ஒரு போட்டோ எடுப்பம்."

அன்று காலைதான் கீரிமீன் உரசியிருந்தேன், கழுவவில்லை. எழுத்துகளுக்குள் செதிள், குடல், ஈ. ஹாஜியார் நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"இதுக்குப் பக்கத்திலயா நிக்கணும்?"

"ஒரு நிமிசந்தான், ஹாஜியார்."

அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. வந்த காரியம் ஆகவேண்டுமே, நின்றார். தொப்பியை நெற்றிவரை இழுத்தபோது, முகம் தெரியவில்லை என்று சொல்லி உயர்த்தச் சொன்னேன். உயர்த்தினார்.

மடலை நான் எழுதவில்லை. வேறு யாரோ எழுதினார்கள், அந்தச் சொல்லும் வந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டும் என்று ஊர் எனக்குப் புத்தி சொல்லும். நினைக்காமல் என்ன, மீன் வாங்கும் நாளெல்லாம் நினைக்கிறேன்.

படம் என் போனில் இருக்கிறது. உம்மா இருந்தால், "அழிச்சிரு மகள், வயசுபோன மனிசன்," என்றிருப்பார். கல்லையும் கவிழ்த்துப் போடச் சொல்லியிருப்பார்.

உம்மா இல்லை.