பன்னிரண்டு வோல்ட்டை மதிக்காத மனிதர்

ஸ்டார்ட்டர் என்பது பெற்றோர் வைத்த பெயரன்று, அடி வாங்கியவர்கள் கலந்து பேசி வைத்தது. டியூப்லைட் எரியுமுன் ஸ்டார்ட்டர் இரண்டு மூன்று தடவை கண் சிமிட்டுமல்லவா, அதுபோல எலக்ட்ரீஷியனான இவருக்குக் கோபம் வந்தால் இடது இமை துடிக்கும். வெளிச்சம் தெரிவது மட்டும் எதிரே நிற்பவருக்கு. துடிப்பைப் பார்த்ததும் ஓடியவர்கள் இன்றும் முழுப் பல்லோடு நடமாடுகிறார்கள். "கண்ணுல தூசியா அண்ணே?" என்று அன்பாக விசாரித்தவர்கள் பல் டாக்டரைத் தேடிப் போனார்கள்.

அடித்துச் சரியாகாத பொருள் உலகில் இல்லை என்பது அவருடைய தொழில் கொள்கை. சரியாகவில்லையென்றால் அடி போதவில்லை. மின்விசிறி, மீட்டர் பெட்டி, வீட்டு உரிமையாளர் என்று அவர் வேற்றுமை பாராட்டியதே கிடையாது.

கடை ஒரே ஷட்டர்தான். இடது பாதியில் அவர் வீட்டு ஒயரிங் பார்த்தார். வலது பாதியில் அவர் மனைவியின் தம்பி கார் மெக்கானிக். நடுவில் மேசை போட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். பல்பு விற்கிறாள் என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். உண்மையில் அவள் பார்த்தது எல்லைக் காவல்.

மச்சானுக்கும் மாமாவுக்கும் தகராறு வோல்ட்டில்.

"வண்டிக் கரண்டெல்லாம் ஒரு கரண்டாடா? பன்னெண்டு வோல்ட்டு! எறும்பு கடிச்சா இதைவிட வலிக்கும்."

"உங்க கரண்டு மழை தூறினா ஓடிப்போயிரும் மாமா. எங்களது கூடவே வரும்."

இந்த மாதிரி அறிவார்ந்த விவாதங்கள் காப்பர் சோக்கில் முடிந்தன. பழைய டியூப்லைட் சோக் தெரியுமல்லவா? இரும்புத் தகடும் செம்புக் கம்பிச் சுருளுமாகச் செங்கல் கனம், கைக்கு அடக்கம். எறிவதற்கென்றே செய்து, போகிற போக்கில் விளக்குக்கும் பயன்படட்டும் என்று விட்டிருக்க வேண்டும். ஒருநாள் மச்சானின் மண்டைக்கு என்று புறப்பட்ட சோக், முகவரி தவறி மனைவியின் புருவத்தைப் பிளந்தது.

தையல் போட்டுத் திரும்பியவள் காப்பர் சோக் அத்தனையையும் பழைய இரும்புக் கடையில் போட்டாள். தீப்பெட்டிக் கனமுள்ள எலக்ட்ரானிக் சோக்குகளை வாங்கி அடுக்கினாள்.

"இதை எறிஞ்சா ஈகூடச் சாகாது. ஆசை தீர எறிஞ்சுக்கோங்க. ஆனா இனிமே இந்தக் கடைக்குள்ள ஒரு சொட்டு ரத்தம் விழுந்துச்சுன்னா, அது யார் ரத்தமா இருந்தாலும் சரி, நான் கிளம்பிருவேன். புருஷனும் வேணாம், தம்பியும் வேணாம்."

அவள் சொன்னால் செய்வாள் என்று இருவருக்கும் தெரியும். அவளில்லாத வாழ்க்கை இருவருக்கும் வேண்டாம். ஆகவே நிபந்தனையை வரி பிசகாமல் காப்பாற்றினார்கள். விலாவில் முழங்கையால் இடித்தார்கள், முதுகில் குத்தினார்கள், மிளகாய்ப்பழமாகச் சிவக்கும்வரை காதைத் திருகினார்கள். உள்காயத்துக்குத் தடையில்லையே.

அப்படி இருக்கையில்தான் ஒரு மத்தியானம் ஒரு கார்க்காரர் வந்து, "ஒரு பக்கம் ஹெட்லைட் எரியல. சோக் போயிடுச்சாம்" என்றார்.

மெக்கானிக்குக்குச் சோக் என்றால் வேறு. பழைய வண்டியில் குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் விட இழுக்கிற குமிழ் அது.

"சார், இந்த வண்டிக்குச் சோக்கே கிடையாது."

இடது பாதியிலிருந்து சிரிப்புக் கேட்டது. "சோக்குன்னா லைட்டுக்கு. லைட்டுன்னா எனக்கு. நகருடா!"

"மாமா, வண்டியில அதுக்குப் பேரு பேலஸ்ட்."

"நீ பேரைச் சொல்லிக்கிட்டு இரு, நான் மாட்டுறேன். இது கேஸ் பல்பு. பத்த வைக்க ஓங்கி ஒரு உதை வேணும். பத்திக்கிட்டா அடங்கத் தெரியாது, கரண்டைக் குடிச்சுக் குடிச்சே வெடிக்கும். உதைக்கிறதும் சோக்குதான், கழுத்தைப் பிடிச்சு நிறுத்துறதும் சோக்குதான்."

"அது மாதிரி ஒண்ணை உங்களுக்கு எங்க மாட்டலாம்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

புதிய பேலஸ்ட்டை மாட்டியும் விளக்கு எரியவில்லை. இருநூற்று முப்பது வோல்ட்டை அவர் டெஸ்டரால் தொடுவார், அது மரியாதை. பன்னிரண்டுக்கு வெறும் விரல் போதும். பல்பைக் கழற்றிவிட்டு, பேலஸ்ட்டிலிருந்து வரும் முனைக்குள் இரண்டு விரலை விட்டார்.

"சுவிட்சைப் போடுடா."

"மாமா, கையை எடுங்க! உள்ள போறதுதான் பன்னெண்டு. பத்த வைக்கிற நொடியில வெளிய வர்றது இருபதாயிரம்!"

"பன்னெண்டை இருபதாயிரமாக்க நீ என்ன மந்திரவாதியா?"

இமை துடித்தது. மறு கையிலிருந்த ஸ்பானர் மச்சானின் மூக்கில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் தெருவரை கேட்டது. முதல் சொட்டு கடைத் தரையில் விழுந்தது. மேசைக்குப் பின்னாலிருந்து மனைவி எழுந்தாள்.

மச்சான் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். அக்காவைப் பார்த்தான். இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்று புரிந்திருக்க வேண்டும்.

"கடைசியா கேக்கறேன் மாமா. போடவா?"

"போடுடான்னா!"

பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளை, போட்டான்.

சடீரென்று ஒரு வெடிப்பு. மாமா பின்னால் பறந்தார். பின்மண்டை இரும்பு ரேக்கில் மோதிப் பிளந்தது. விரல் நுனி கருகி நாறியது. கார்க்காரர் காரை விட்டுவிட்டுக் காலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார். பிறகு மாமா வாய் திறந்தார்.

"வருதுடா."

இந்தத் தொழில்நுட்ப அறிக்கையைச் சமர்ப்பித்த கையோடு எழுந்து மச்சானின் கழுத்தைப் பிடித்தார். மச்சான் அவர் வயிற்றில் முட்டினான். இருவரும் உருண்டதில் டியூப்லைட்டுகள் நொறுங்கி முதுகெல்லாம் கண்ணாடி ஏறியது. யார் ரத்தம் யார் சட்டையில் என்று சொல்ல முடியவில்லை.

அப்போது கடை விளக்கு அணைந்தது. மனைவி மெயின் போர்டிலிருந்து ஃபியூஸ் கேரியரை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க போறே?" என்றார் அவர், மச்சானின் கழுத்தை விடாமல்.

"ரத்தம் இல்லாத இடத்துக்கு." ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நடந்தாள்.

அவர் மச்சானின் கழுத்தை விட்டார். இருவரும் கண்ணாடித் தூளில் உட்கார்ந்தார்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பி வைத்தால் வெளிச்சம் வந்துவிடும்.

"ஒரு கம்பியை வச்சு முறுக்கட்டுமா மாமா?"

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன். அவ வந்து மாட்டட்டும்."

அவள் வரவில்லை. கடையை இன்றும் திறக்கிறார்கள். இருவரும் இருட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் காலி மேசை. பல்பு வாங்க வருகிறவர்கள் எரிகிறதா என்று போட்டுக் காட்டச் சொன்னால், தெருவில் வெயிலுக்கு நேரே பிடித்து இழையைக் காட்டுகிறார்கள்.

"என்னங்க, எலக்ட்ரிக் கடையில கரண்ட் இல்லையா?"

"கரண்ட் இருக்குங்க. அக்காதான் இல்ல" என்கிறான் மச்சான், மூக்கால்.