மணலில் கதிரை நிற்காது

தொழுகைக்குமுன் ஒளுச் செய்து கைகால் கழுவும்போது ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைக் குழாயடியில் நீட்டிக் கழுவுவது என் பழக்கம். எழுபது தாண்டியும் அந்தத் திமிர் போகவில்லை. ஒருநாள் அஸர் தொழுகைக்குக் கால் கழுவும்போது வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பில் வெடிப்பு. எலும்பு சேர்ந்துவிட்டது, பயம் மட்டும் உடம்பிலேயே தங்கிவிட்டது. அதன்பிறகு பள்ளிவாசலில் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகை.

அதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் எங்கள் ஊரில் பெருநாள் தொழுகை கடற்கரையில். மணலில் கதிரை நிற்குமா? கொண்டுபோன கதிரையின் கால் ஒன்று புதைய, நான் பக்கத்தில் நின்றவர்மேல் சாய, மகன் ஓடிவந்து தூக்க, மானம் கப்பலேறியது.

"அடுத்த பெருநாளுக்கு வீட்டுல இரிங்க வாப்பா" என்றான்.

"செத்த மையித்துத்தான்டா வீட்டுல கிடக்கும்!" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, உள்ளுக்குள் அழுகைதான். ஸுஜூதில் நெற்றி நிலத்தில் படாமலே மௌத்தாகிவிடுவேனோ என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் வயதானவர்களுக்கு விழாமல் நிற்கப் பழக்குகிறார்கள் என்று மகன்தான் கூட்டிப்போனான். "நிக்கப் பழக நான் என்ன பச்சப் புள்ளயா?" என்று வழியெல்லாம் சண்டை பிடித்தேன்.

என்னோடு இன்னும் நாலைந்து வயசாளிகள். எங்களைப் பழக்கியவர் திருக்கோவில் ஊரிலிருந்து வரும் தமிழ் மிஸ். குதிகால் தூக்கி நிற்க, கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப எல்லாம் பழக்கினார். ஒருநாள், "நின்டபடி தலையை வலப்பக்கம் திருப்புங்க, மறுகா இடப்பக்கம்" என்றார். தொழுகையை முடிக்கும்போது நாங்கள் அப்படித்தான் இரு பக்கமும் திரும்பி ஸலாம் சொல்வோம். வலப்பக்கம் திரும்பியதும் எங்கள் வாயெல்லாம் தானாக ஸலாம் சொன்னது. இடப்பக்கமும் சொல்லி முடித்து, எல்லாரும் ஆறுதலாகக் கதிரையில் அமர்ந்துவிட்டோம். ஒருவர் துஆவுக்குக் கையும் ஏந்திவிட்டார்.

"ஆர் உங்கள இரிக்கச் சொன்ன?" என்று மிஸ் திகைத்தார்.

"தொழுகை முடிஞ்சிட்டு மிஸ்" என்றேன். விஷயம் விளங்கியதும் மனுசி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த கிழமை, "இடப்பக்கத்தால தொடங்குங்க" என்றார். கெட்டிக்காரி!

கடைசியாகப் பாயிலிருந்து எழும்பப் பழக்கினார். முழங்காலில் நின்று, ஒரு காலை முன்னே வைத்து, தொடையில் கை ஊன்ற வேண்டும். "விழுந்தா?" என்றேன்.

"நான் பக்கத்துலதானே நிக்கிறன் ஐயா."

அவர் என்னைப் பிடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை மட்டும் வைத்திருந்தார். நான் எழும்பியபிறகுதான் அதைக் கண்டேன். அல்லாஹ் அந்தப் பிள்ளையை நல்லாக வைத்திருக்கட்டும். பெற்ற மகள் என்றாலும் இவ்வளவு பொறுமை இருந்திருக்காது, நான் அவ்வளவு கரைச்சல் கொடுத்திருக்கிறேன்.

இந்த நோன்புப் பெருநாளில் கதிரை இல்லாமல் கடற்கரைக்குப் போனேன். மகன் தோளோடு தோள் ஒட்டி நின்றான். முதல் ரக்அத்தில் மணலிலிருந்து நானாகவே எழும்பினேன். கடைசி ஸுஜூதில் இமாம் எழும்பிய பிறகும் என் நெற்றி ஈர மணலிலேயே இருந்தது.

தொழுகை முடிந்ததும் மகன் என் கையைப் பிடித்தான். முகம் வெளிறியிருந்தது. "என்ன வாப்பா, எழும்ப ஏலாமப் போச்சா?"

"ஏலாம இல்ல மகன்," என்றேன். "எழும்ப மனம் வரல்ல."