கழுத்தில் இறுகிய கயிறு

முதலில் இறுகியது கயிறுதான். ஒரு பிள்ளை வயிற்றிலேயே கலைந்த பிறகு, காத்துக்கருப்பு அண்டாதிருக்க மாமியார் என் கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறு. குனிந்து பீடி சுற்றும்போது தொண்டையை அறுத்தது.

“ஏட்டி, தண்ணி பட்டுச் சுருங்கியிருக்கும்” என்று மாமியாரே தளர்த்திக் கட்டினார்கள். மறுபடி இறுகியது. மறுபடி தளர்த்தினார்கள். கழுத்துதான் வீங்குகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

சித்திரை வெயிலிலும் எனக்குக் குளிரெடுத்தது. விரல்கள் தடித்துப்போயின. பீடிக்கடை அண்ணாச்சி என் கட்டுகளைக் கழித்துப் போட்டார். “என்னம்மா, தூங்கிக்கிட்டே சுத்துதியா?” உண்மையில் அப்படித்தான் இருந்தது.

வண்ணார்பேட்டை டாக்டரம்மா ரத்தம் எடுத்து அனுப்பினார். தைராய்டு (தொண்டைக்குழியில் இருக்கும் சுரப்பி) கெட்டுவருவதாகச் சொன்னார்.

“பொயிலைத் தூசியாலயா டாக்டர்?”

“இல்லம்மா. கிருமி வந்தா அடிக்கதுக்கு உடம்புக்குள்ள ஒரு படை இருக்கு. அது உன் சுரப்பியையே எதிரின்னு நெனச்சு அடிக்குது.”

“அதுகிட்ட எடுத்துச் சொல்ல முடியாதா?”

சிரித்துவிட்டார். “அதுக்கு மருந்து இல்ல. குறையுற சுரப்பை மாத்திரையா குடுக்கலாம். காலையில வெறும் வயித்துல. ஆயுசு பூரா.”

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ரத்தத்தில் ஆன்ட்டிபாடி (எதிரியைத் தாக்க உடம்பே செய்துகொள்ளும் பொருள்) நிறைய இருப்பதாகச் சொன்னதில், என்னைக் காக்க வேண்டியது என்னைத் தின்கிறது என்பது மட்டும் புரிந்தது. அதுவே போதும், தூக்கம் போக.

மாத்திரையில் உடம்பு தேறியது. நாள் தள்ளிப்போனது. மாமியார் மாத்திரை டப்பாவை எடுத்து ஒளித்தார்கள்.

“வயித்துப்பிள்ளைக்காரி இங்கிலீசு மருந்து திங்கலாமாட்டி? சூடு. போன தடவ மாதிரி ஆயிரும்.”

விழுங்கினாலும் பிள்ளை போய்விடும், விழுங்காவிட்டாலும் போய்விடும் என்று எனக்கு இரண்டு பக்கமும் பயம். ஒரு வாரம் மாத்திரை இல்லாமலே கழிந்தது. வீட்டுக்காரர்தான், “பயந்துக்கிட்டே கெடக்கதுக்குப் போயிக் கேட்டுருவோம்” என்று பஸ் ஏற்றினார்.

டாக்டரம்மா முகம் மாறியது. “மாத்திரைதாம்மா பிள்ளைக்குக் காவல். அது இல்லேன்னாதான் கலையும். பிள்ளையோட மூளை வளர்ச்சியும் கெடலாம்.” அளவைக் கூட்டினார்.

இதே நிலையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஒரு வாரம் என்ன செய்ததோ என்று பிரசவம் வரைக்கும் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் படுத்திருந்தேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். என் கயிறு இப்போது தளர்ந்து தொங்குகிறது. “வீக்கம் வத்திட்டு, குணமாயிட்டு” என்கிறார்கள் மாமியார். டாக்டரம்மா சொன்னது வேறு: உள்ளே சுரப்பியில் அழிக்க மிச்சம் குறைந்துவிட்டது, அதனால்தான் வற்றுகிறது. ஒரு விடியலின் மாத்திரையிலிருந்து அடுத்த விடியல் வரைக்கும்தான் இப்போது எனக்கு நாள்.

“பிள்ளைக்கும் வருமா டாக்டர்?”

“வரணும்னு இல்ல. வரவும் செய்யலாம்.”

மகளுக்கும் கயிறு கட்டணும் என்றார்கள் மாமியார். நான் மறுக்கவில்லை. என் விரல் ஒன்று நுழையும் அளவுக்கு விட்டுக் கட்டச் சொன்னேன்.

தினமும் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, அவள் கயிற்றுக்குள் அந்த விரலை நுழைத்துப் பார்க்கிறேன்.