வேறு மாத்திரை எதுவும் இல்லை

என் மனைவியின் கழுத்திலும் முதுகிலும் சிவப்புத் தடிப்புகள் கிளம்பியபோது, ஜீவனஹள்ளி மருந்துக்கடையில் வாங்கிய படர்தாமரைக் களிம்பைத்தான் முதலில் தடவினோம். இரண்டே மாதத்தில் அவை புளியங்கொட்டை அளவுக்குக் கட்டிகளாயின. தோலைக் கொஞ்சம் வெட்டியெடுத்துச் சோதித்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய் போலத் தெரிகிறது என்று எழுதி வந்தது.

பார்த்த டாக்டர் எல்லாரும் கேட்டார்கள்: "வேற ஏதாச்சும் டேப்லெட் எடுக்கறீங்களாம்மா?" ஒவ்வொரு தடவையும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இல்ல டாக்டர்" என்றாள். "ஜுரத்துக்குக்கூட கஷாயம்தான் சார்" என்று நானும் ஒத்து ஊதினேன்.

கீமோவுக்குத் தேதி குறித்தார்கள். ஆபீசில் நீண்ட லீவு போட்டேன். அவளுக்குத் தலை வாரிவிட்டேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. இந்த முடியெல்லாம் கொட்டிவிடுமே என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த வாரம் அவளுடைய அம்மா வந்தார். மாதம் ஒருமுறை கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து மாலையே திரும்பிவிடுவார். அவரிடம் ஏதோ தோல் வியாதி என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அன்று என்னால் அடக்க முடியவில்லை.

"கேன்சராம் அத்தை. ஒரு மாத்திரைகூடப் போடாத உடம்புக்கு இப்படியா?"

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பைக்குள் கைவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அடுக்களையிலிருந்து என் மனைவி, "அம்மா, வேணாம்!" என்று கத்தினாள்.

"வலிப்பு மாத்திரை, மாப்ளே. சின்ன வயசுலேர்ந்து சாப்பிடறா. போன வருஷம்தான் வேற மாத்திக் குடுத்தாங்க. சொல்லாம கட்டி வெச்சிட்டோம். எங்கள என்ன வேணா பண்ணுங்க, டாக்டர்கிட்ட மட்டும் இதச் சொல்லிடுங்க."

சொன்னேன். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். சிலருக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல், புற்றுநோயைப் போலவே தோலில் கட்டிகள் கிளம்புமாம். கீமோவுக்குக் குறித்த தேதியை ரத்து செய்துவிட்டு வலிப்புக்கு வேறு மாத்திரை எழுதினார். சில வாரங்களில் கட்டிகள் ஒவ்வொன்றாக அமுங்கின. கடைசியில் பழுப்புத் தழும்புகள் மட்டும் மிஞ்சின.

எனக்குத்தான் ஆறவில்லை. "உயிரே போயிருக்கும்டீ. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ஒருநாள் கத்தினேன்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "கேன்சர்னா பக்கத்துலயே இருப்பீங்க. இருந்தீங்க. வலிப்புன்னா அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

அனுப்பியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கல்யாணமான புதிதில் நான் எப்படிப்பட்டவன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பொய்யை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.