கமராவுக்குத் தெரிகிற சுவர்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற ஃப்ளாட்டில் ஒரு சுவர் மட்டும் பண்டிகை கொண்டாடிக்கொண்டிருந்தது. கடல் பக்க யன்னலுக்கு அருகே, ஒரு கதவு அகலம்தான் இருக்கும். அதில் கடதாசிப் பூக்கள், பஞ்சு மேகம், முட்டை மட்டையை வெட்டிச் செய்த ஆமைகள், ஈர்க்கில் கட்டித் தொங்கவிட்ட மீன்கள். மற்றச் சுவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். கதிரையில் தோய்க்காத உடுப்புக் கும்பல், குசினியில் கழுவாத சட்டிகள், நடுவில் நான்.

அந்தச் சுவருக்கு எல்லை குறித்தவனும் நான்தான். மேசையில் தண்ணீர்ப் போத்தலில் ஃபோனைச் சாய்த்து வைத்தால் கமராவுக்கு எவ்வளவு தெரிகிறதோ, அலங்காரமும் அவ்வளவுதான். அதற்கு வெளியே ஒரு பூவை வீணாக்க எனக்குத் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை.

மனைவி லண்டனுக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. லண்டன் என்று வாய்ப் பழக்கத்தில் சொல்கிறோம். அது லண்டனிலிருந்து ரயிலில் பல மணித்தியாலம் போகவேண்டிய ஏதோ ஒரு குளிர் ஊர். அங்கே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஆறு மாதத்தில் நானும் மகளும் பின்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் போய் இறங்கிப் பெட்டியைத் திறக்க முன்னமே சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இனிக் குடும்பத்தைக் கூப்பிட முடியாதாம். யாரை நோவது? போவதற்காக என்னென்னவெல்லாம் விற்றோம் என்று நினைத்தால், திரும்பி வா என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மகளுக்கு ஐந்து வயது. வாய் ஓயாத பிள்ளை. நேர்சரியிலிருந்து வந்தால் கீழ்மாடி அன்ரியின் வீட்டில் நிற்பாள். நான் கொள்ளுப்பிட்டியில் கந்தோர் வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு படியேறும்போது, மேலே வந்து சேருவதற்குள் அன்றைய செய்தி முழுவதும் எனக்கு வாசிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீடியோ கோலில் தாயின் முகம் வந்தவுடன் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். முதலில் ஃபோனுக்கு முத்தம் கொடுத்தவள், பிறகு "ஓம்", "இல்லை" என்றாள். பிறகு அதுவும் இல்லை. தலையைக் குனிந்து தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வாயில என்ன, கொழுக்கட்டையோ?" என்று தாய் பகிடி விட்டுப் பார்த்தாள். பாட்டுப் பாடிப் பார்த்தாள். ஒரு நாள் மகள் எழுந்து போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அவளுக்கு என்னை மறந்து போச்சுது, என்னப்பா."

"விசர்க்கதை கதையாதையும்," என்றேன். இந்தப் பிள்ளைக்காகத்தான் அவள் அந்தக் குளிருக்குள் கிடக்கிறாள். பிள்ளை கையைவிட்டுப் போய்விட்டால் அவள் அங்கே எதற்கு, நான் இங்கே எதற்கு?

நேர்சரி டீச்சர்தான் வழி சொன்னார். "கையால ஏதாவது செய்ய விடுங்கோ. தான் செய்ததைக் காட்டுறதுக்காகவாவது கதைப்பா."

அப்படித்தான் தொடங்கியது. எனக்குக் கைவேலை என்றால் லைட் பல்பு மாற்றுவது. அதுவும் இரண்டு தரம் விழுந்தபின். ஃபோனில் ஓடிய வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலால் இரண்டு வெட்டு வெட்டினாள், விரித்தால் தாமரை. சின்னப் பிள்ளைகளும் சுலபமாகச் செய்யலாம் என்றாள். அவள் எங்காவது என் கையில் அகப்பட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு. நான் வெட்டிய தாமரை கொய்யாப்பழம் மாதிரி இருந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, இதைப் பழம் எண்டே ஒட்டுவம்," என்றாள்.

புறக்கோட்டையில் வர்ணக் கடதாசி வாங்கப்போய்ப் போய்க் கடைக்கார முஸ்லிம் நானாவுக்கே என் முகம் பழகிவிட்டது. "என்ன தம்பி, ஊட்ல கிழமைக்கொரு கலியாணம் ஈக்கா?" என்று கேட்டார். "ஓம் நானா, மாப்பிள்ளையும் நான்தான், சமையலும் நான்தான்," என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு கட்டு மினுங்கல் கடதாசியைச் சும்மா தந்தார். வரும்போது பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று தெரியவில்லை.

கடற்காற்று எங்களுக்குப் பரம எதிரி. திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை செலோடேப் சுருண்டு கீழே கிடக்கும். கம் போத்தலுக்குக் கட்டுப்படியாகாமல் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். அது நன்றாகத்தான் ஒட்டியது. கரப்பான்பூச்சிகளுக்கும் நன்றாகத்தான் பிடித்தது. விடிய எழும்பிப் பார்த்தால் ஆமைக்குத் தலை இல்லை. வேலைக்குப் போக முன்னம் தலை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செய்யும்போது மகள் கதைத்துக்கொண்டே இருப்பாள். இந்த மீன் அம்மா மீன், இது பள்ளிக்கூடம் போகிற மீன், இது காய்ச்சல் வந்த மீன். எனக்கு நம்பிக்கை பிறக்கும். ஞாயிற்றுக்கிழமை வரும். சுவருக்கு முன்னால் அவளை இருத்தி, தலை வாரி, பொட்டு வைத்து, கோலை எடுப்பேன். அம்மா முகம் வரும். மகள் கால்விரலைப் பார்ப்பாள்.

"காட்டுங்கோ பிள்ளை, நீங்கள் செய்த மேகத்தைக் காட்டுங்கோ," என்று நான்தான் கத்துவேன். மகள் விரலை நீட்டி மேகத்தைக் காட்டுவாள். அவ்வளவுதான்.

"வடிவா இருக்கு," என்பாள் மனைவி. ஒவ்வொரு கிழமையும் அந்த "வடிவா இருக்கு" ஒரு பிடி மெலிந்துகொண்டு வந்தது. கடைசியில் ஒரு ஞாயிறு சொன்னாள். "நல்லா இருக்கிறியள். நான் இல்லாமலே எல்லாம் வடிவா நடக்குது."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "உமக்காகத்தானே இவ்வளவும் செய்யிறன்! நான் என்ன, வேலையில்லாமல் பூ வெட்டிக்கொண்டு இருக்கிறன் எண்டு நினைச்சீரோ?" என்று கத்தினேன். அவள் கோலை வெட்டிவிட்டாள். மகள் அதற்குள் கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். எல்லா மீனும் என்னையே பார்த்தன. பிய்த்து எறிய வேண்டும் போல இருந்தது. அடுத்த ஞாயிறு என்னத்தைக் காட்டுவது என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

அந்தக் கிழமைதான் மகள் ஃப்ளாட் வாசல் கேற்றில் தடக்கி விழுந்து, வாய்க்குக் கீழே நாடி கிழிந்தது. இரத்தத்தைக் கண்டதும் எனக்குச் சீவன் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வரும் வழியில் ஓட்டோவுக்குள் வைத்து, எப்போதும் சொல்வதை அன்றும் சொன்னேன். "அம்மாட்டச் சொல்லக்கூடாது, சரியோ? அம்மா அழுவா."

முன்பு ஒருமுறை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மனைவி வேலை நேரத்தில் அழுது, மேலாளரிடம் பேச்சு வாங்கியிருந்தாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் இந்த வழக்கம். காய்ச்சல் வந்தாலும் சொல்லக்கூடாது, படுக்கை நனைந்தாலும் சொல்லக்கூடாது, கரண்ட் வெட்டினாலும், அன்ரி வீட்டுப் பூனை செத்தாலும் சொல்லக்கூடாது. மகள் நல்ல பிள்ளை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள்.

ஆனால் நாடியில் இவ்வளவு பெரிய பிளாஸ்டரை எங்கே ஒளிப்பது? பிஸ்கட் பெட்டி மட்டையில் மீன் முகமூடி ஒன்று வெட்டினேன். என் கைவேலையிலேயே அதுதான் உருப்படியானது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய் திறந்திருக்கும், செதிலெல்லாம் நானா தந்த மினுங்கல் கடதாசி. இலாஸ்டிக் போட்டு மாட்டிவிட்டால் நாடி வரைக்கும் மூடியது. ஞாயிறு வந்தது. மனைவியும் வந்தாள், கண் வீங்கி, வழக்கமான தன் பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னால்.

"ஐயோ, ஆரிது மீன் குஞ்சு?" என்றாள். மகள் அசையவில்லை. "வடிவா இருக்கு. இனிக் கழட்டுங்கோ பிள்ளை, அம்மா முகத்தைப் பார்க்கட்டும்."

"இருக்கட்டும், அவளுக்கு அது பிடிச்சிருக்கு," என்றேன் நான்.

"ஒரு கிழமையாப் பார்க்கேல்ல. ஒருக்காக் கழட்டுங்கோ, செல்லம்."

முகமூடி என் பக்கம் திரும்பியது. இரண்டு ஓட்டைக்குள்ளும் கண்கள் நிறைந்திருந்தன. மகள் கேட்டாள்:

"அப்பா, இதை அம்மாட்டச் சொல்லலாமோ?"

இவ்வளவு நாளும் பிள்ளை ஏன் கதைக்கவில்லை என்று தலைகீழாக நின்று யோசித்தேனே. தாயிடம் சொல்லக்கூடிய சங்கதி ஒன்றையாவது நான் மிச்சம் விட்டிருக்கிறேனா? அம்மாவின் முகம் வந்தவுடன் எது சொல்லலாம், எது சொல்லக்கூடாது என்று தெரியாமல்தான் அந்தப் பிள்ளை கால்விரலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

"என்னத்தைச் சொல்லக்கூடாது?" என்று ஃபோனுக்குள் குரல் உயர்ந்தது. "என்னப்பா? என்னத்தை?"

"சொல்லுங்கோ பிள்ளை," என்றேன். "எல்லாம் சொல்லலாம்."

முகமூடி கழன்றது. பிறகு மடை திறந்த மாதிரித்தான். "அம்மா, எனக்கு நாடியில தையல் போட்டவை, நான் அழேல்ல, அப்பாதான் அழுதவர். அன்ரியின்ர பூனை செத்துப் போச்சுது. அப்பா ஒவ்வொரு நாளும் பால் சட்டியைக் கரிச்சுப்போடுறவர். ஆமையைக் கரப்பான் திண்டிட்டுது. நான் படுக்கையில பெய்தனான், பிறகும் பெய்தனான். நான் உங்கட நைட்டியைப் பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறனான், அப்பா அதைத் தோய்க்கவே இல்லை. தோய்ச்சா உங்கட மணம் போயிடும் எண்டு நான்தான் தோய்க்க விடேல்ல."

அதோடு நிற்கவில்லை. போத்தலில் சாய்ந்திருந்த ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உடுப்புக் கும்பல், சட்டிகள், கரி பிடித்த அடுப்பு, யன்னலில் காய்கிற மெத்தை, எல்லாம் ஊர்வலம் போயின. நான் பின்னால் ஓடினேன். மனைவி அழுதுகொண்டே பேசினாள், பேசிக்கொண்டே அழுதாள். "இதென்ன கண்றாவி! நீங்கள் எல்லாம் ஒரு மனிசனோ? பிள்ளைக்குத் தையல் போட்டதை எனக்குச் சொல்லேல்லையோ?" நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஒரு வருஷத்தில் அவள் குரல் அன்றைக்குத்தான் அவள் குரலாகக் கேட்டது.

மூச்சு வாங்க மேசைக்குத் திரும்பி வந்த மகள், "இப்ப நீங்கள் உங்கட வீட்டைக் காட்டுங்கோ," என்றாள்.

"பிறகு காட்டுறன் பிள்ளை."

"எல்லாம் சொல்லலாம் எண்டு அப்பா சொன்னவர்."

மனைவி கையை நீட்டித் திரைச்சீலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். அப்போதுதான் கண்டேன். அது திரைச்சீலை இல்லை. போன வருஷம் கோயிலுக்குக் கட்டினாளே, அந்தச் சேலை. கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதற்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் சுவர், ஈரம் ஊறி, கூரை வரைக்கும் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய கட்டில். அதிலும் பாதியில் வேறு யாருடையவோ உடுப்புகள். இவள் வேலைக்குப் போனால் அதே கட்டிலில் இன்னொரு பெண் படுப்பாளாம். நான் அந்தச் சேலையைப் பார்த்து, அவளாவது நல்ல அறையில் இருக்கிறாள் என்று எத்தனை ஞாயிறு பொறாமைப்பட்டேன்.

மகள் ஃபோனுக்கு மிகக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அம்மா, உங்கட சுவர் ஊத்தை."

"ஓம் பிள்ளை."

மகள் எழுந்து போனாள். எங்கள் சுவரிலிருந்து பெரிய மீனைப் பிய்த்தாள். முதுகில் மாப்பசையைத் தடவி, ஃபோன் கண்ணாடியில் கறுப்பு இருந்த இடம் பார்த்து அழுத்தி ஒட்டினாள். தடுக்க நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன்.

"இப்பவும் கறுப்புத் தெரியுதோ அம்மா?"

"கொஞ்சம் மேல, பிள்ளை. மூலையில இன்னும் கறுப்பு."

மகள் இன்னொரு மீன் ஒட்டினாள். பிறகு பூ. பிறகு மேகத்தில் பாதி. பசை வழிந்து மேசையில் சொட்டியது. கண்ணாடியில் இனி இடமில்லை. மனைவியின் முகமும் மறைந்துபோனது.

"முடிஞ்சுது அம்மா," என்றாள் மகள்.

"இல்லை," என்றது கடதாசிக்குப் பின்னால் இருந்த குரல். "இன்னும் ஒண்டு ஒட்டுங்கோ."